சீனர் வைத்தியமும் எங்கள் வீட்டு மருந்தும்



நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது எம்முன்னோர் கண்ட உண்மை. தடிமன், இருமல், தொண்டைக் கரகரப்பு, செமியாக்குணம், வாந்தி, சுளுக்கு, தலையிடி ஆகியன மனிதர் வாழும் எல்லா நாட்டிலும் உள்ள சிறு நோய்கள். இவற்றுக்கென ஒவ்வொரு மக்களினமும் தன் வீட்டு அடுக்களையிலும் முற்றத்திலும் கிடைத்த பொருள்களைக் கொண்டு ஒரு மருத்துவத்தை ஆக்கி வைத்துள்ளது. எமக்கு வேர்க்கொம்பும் மல்லியும் போலச் சீனருக்கும் வேரும் பட்டையும் பூவும் உள்ளன. மொன்றியல் டவுன்டவுனிலே, பிளாஸ் டார்ம் மெற்றோ நிலையத்தில் இறங்கி நடப்போர், சில நிமிடங்களுள் அவ்வேரும் பட்டையும் கண்ணாடிச் சாடிகளில் அடுக்கப்பட்டிருக்கும் கடைகளைக் காணலாம். அம்மருத்துவத்தின் அடிப்படை யாது, அது எம்முடையதோடு எங்ஙனம் ஒத்தும் வேறுபட்டும் நிற்கின்றது, அதிலே கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பவற்றை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீனத்தெரு பிறந்த கதை

எம்மவரிற் பலர் சீனத்தெருவை முதன்முதலாகக் கண்டது வைத்தியத்துக்காக அன்று. அகதிக் கோரிக்கை விசாரணை நடைபெறும் கீ-பவ்ரோ கட்டடத் தொகுதி அதனை ஒட்டியே அமைந்துள்ளது. கோப்புகளைக் கையிற் பிடித்தவண்ணம் அங்கே சென்று, வெளியே வந்து, சீனக்கடை ஒன்றிலே சூடான சோறோ கஞ்சியோ உண்டு வீடு திரும்பிய நாள் எம்மிற் பலருக்கு மறக்கவியலாத நாளாகும். ஆயின் அக்கட்டடத்துக்கு இடம் கொடுப்பதற்காகவே சீனத்தெருவின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது என்பதைச் சிலரே அறிவர். அத்தொகுதி 1984 ஆம் ஆண்டளவில் எழுந்தது.

கனடாவின் குறுக்கே புகையிரதப் பாதை அமைக்கச் சீனத் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்தனர். அப்பாதை 1885 இல் நிறைவெய்தியது. அதே ஆண்டிலே சீனர் இந்நாட்டிற்குள் நுழைவதற்கு ஆளுக்கு 50 டொலர் தலைவரி விதிக்கப்பட்டது. 1903 இல் அவ்வரி 500 டொலராக உயர்ந்தது. 1923 இல் இயற்றப்பட்ட சட்டமோ சீனரின் வருகையை ஏறத்தாழ முற்றாகவே தடுத்துவிட்டது. அச்சட்டம் 1947 இலேதான் நீக்கப்பட்டது. தலைவரிக்காகக் கனடிய அரசு நாடாளுமன்றத்திலே மன்னிப்புக் கோரியது 2006 ஆம் ஆண்டிலாகும்.

மேற்கிலிருந்து மொன்றியல் வந்த சீனர் சலவைக்கடைகளும் உணவுக்கடைகளும் நடத்திப் பிழைத்தனர். 1918 இல் உலகெங்கும் கொள்ளைநோயாகப் பரவிய சளிக்காய்ச்சல் இந்நகரையும் தாக்கியபோது, மொழி தெரியாத, குடும்பம் அருகில் இல்லாத சீனத் தொழிலாளரைப் பராமரிப்பதற்கெனக் கன்னியாஸ்திரிகளின் துணையோடு ஒரு சிறு மருத்துவமனை தொடங்கப்பட்டது. அதுவே இன்று விஜே வீதியில் உள்ள மொன்றியல் சீன மருத்துவமனையின் தொடக்கமாகும். தம் நாட்டு மருந்தையும் விடாது, இந்நாட்டு மருத்துவத்தையும் தள்ளாது, இரண்டையும் தம் தெருவிலேயே வைத்துக்கொண்ட மக்கள் அவர்கள். இது நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய ஒன்றாகும். 2022 இல் கியூபெக் அரசு இத்தெருவின் மையப் பகுதியை மரபுரிமைச் சொத்தாகப் பாதுகாக்கும் நடவடிக்கையைத் தொடங்கியமையும் குறிப்பிடத்தக்கது.

தமிழரும் சீனரும்

சீனர் எமக்குப் புதியவர் அல்லர். சீனத்தின் சுவான்சௌ துறைமுக நகரிலே 1281 ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொணர்ந்து காலியில் நிறுவிய, 1409 ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட கல்வெட்டிலே சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. அக்கல் இப்பொழுது கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. சித்தர் போகர் சீனத்தோடு தொடர்புடையவர் என்பது சித்த மருத்துவ மரபில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இவ்வுறவு மருந்துப் பெட்டியினுள்ளும் தெரிகின்றது. சித்த வைத்தியத்திலே தோல் நோய்களுக்கு வழங்கும் பறங்கிப்பட்டை என்பது சீன நாட்டுக் கிழங்கு. பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் வழியாகப் பரவியமையால் அதற்குப் பறங்கியரின் பெயர் அமைந்தது. அதன் நெருங்கிய உறவுத் தாவரத்தின் கிழங்கைச் சீனர் இன்றும் சூப்பிலிட்டு அருந்துகின்றனர். நாம் சீனருக்குக் கொடுத்ததும் உண்டு. மிளகை அவர்கள் 'ஹு ஜியாவ்' என்பர். 'ஹு' என்பது அயல்நாட்டிலிருந்து வந்தது என்ற பொருளைத் தரும். மாணவர்களே, சீன உணவுக்கடைகளின் பலகைகளிலே ஆங்கிலத்தில் 'கொஞ்ஜி' என எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சீனச் சொல் அன்று. எமது 'கஞ்சி' என்ற சொல்லே ஐரோப்பியர் வாயிற் புகுந்து, உலகைச் சுற்றி, மொன்றியலிலே சீனர் கடைவாயிலில் வந்து நிற்கின்றது.

எமது வீடுகளிலே அலுமாரித் தட்டில் எப்பொழுதும் இருக்கும் கோடாலித் தைலம் 1928 இல் சிங்கப்பூரிலே சீனர் ஒருவர் தொடங்கிய வாணிகத்தின் பொருளாகும். புலித்தைலம் பர்மாவின் இரங்கூனிலே சீனர் குடும்பம் ஒன்றால் ஆக்கப்பட்டுப் பின் சிங்கப்பூரிலிருந்து உலகெங்கும் பரவியது. ஆகவே சீனர் வைத்தியம் எமக்குத் தேவையா எனக் கேட்போர், அது முன்னரே தம் நெற்றியில் தடவப்பட்டுள்ளது என்பதை உணர்தல் வேண்டும்.

அடிப்படைக் கொள்கை

சீன மருத்துவத்தின் மூலநூல், மஞ்சட் பேரரசரின் பெயரால் வழங்கும் 'ஹுவாங்தி நெய்சிங்' என்பதாகும். இஃது ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்தது. கி.பி. 200 ஆம் ஆண்டளவில் சாங் சோங்சிங் என்பார் குளிரால் வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் செய்தார். பதினாறாம் நூற்றாண்டிலே லீ ஷிஜென் என்னும் மருத்துவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உழைத்து 'பென்சாவ் காங்மு' என்ற பெருநூலை ஆக்கினார். 52 பாகங்களில் 1,892 மருந்துப் பொருள்களை விளக்கும் அந்நூல், அவர் இறந்த பின்னரே, 1596 இல், அச்சாகி வெளிவந்தது.

இந்நூல்கள் கூறும் அடிப்படை யாது? உடலிலே 'சீ' எனப்படும் உயிராற்றல் ஓடுகின்றது. குளிர்ச்சி, இருள், ஓய்வு ஆகியவற்றைக் குறிக்கும் 'யின்', வெப்பம், ஒளி, இயக்கம் ஆகியவற்றைக் குறிக்கும் 'யாங்' என்ற இரண்டும் அளவோடு நிற்பின் நலம். ஒன்று மிகுந்து மற்றையது குறையின் நோய். வாதம், பித்தம், கபம் என்ற மூன்றும் மிகினும் குறையினும் நோயாம் என்பது எமது மரபு. திருக்குறளிலே 'மருந்து' என்னும் 95 ஆம் அதிகாரம் இக்கருத்தோடுதான் தொடங்குகின்றது. சீனர் இரண்டு என்றனர், நாம் மூன்று என்றோம். அளவே நலம் என்பதில் இரு சாராரும் ஒருமித்து நின்றனர்.

ஐம்பூதக் கொள்கையும் இரு மரபிலும் உண்டு. எமக்கு நிலம், நீர், தீ, வளி, வெளி. சீனருக்கோ மரம், தீ, மண், உலோகம், நீர். நோயறியும் முறையிலும் ஒப்புமை உண்டு. சீன வைத்தியர் நோயாளியைப் பார்ப்பார், குரலையும் மணத்தையும் அறிவார், வினாவுவார், நாடி பிடிப்பார். இவை நான்கும் அவர்தம் தேர்வு முறைகள். சித்த வைத்தியத்தில் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எண்வகைத் தேர்வு உண்டு. ஊரிலே பரியாரியார் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து நாடி பார்த்ததைப் பெரியோர் கண்டிருப்பர். சீன வைத்தியரும் மூன்று விரல்களாலேயே நாடி பார்க்கின்றார்.

இவற்றுள் மிகச் சுவையானது காற்றைப் பற்றிய கருத்தாகும். நோய்களை உடலுக்குள் கொண்டுவருவது 'ஃபெங்' எனப்படும் காற்றே எனச் சீனர் கருதினர். பிடரியை மூடிக்கொள் என்று சீனத் தாய் தன் பிள்ளையிடம் சொல்வது இதனாலேயே. தலையை மூடிக்கொண்டு போ, பனி பிடிக்கும் என்று எமது அம்மம்மா சொல்வதும் இதுவே. குளிர்காற்றுத் தானே தடிமனைத் தருவதில்லை, கண்ணுக்குத் தெரியாத வைரசுக் கிருமிகளே தருகின்றன என்பது இன்றைய அறிவியல். எனினும் மொன்றியலின் தை மாதக் காற்றிலே வெளியே செல்லும் பிள்ளை கழுத்தை மூடிக்கொள்வதை எந்த அறிவியலும் மறுக்கப்போவதில்லை.

சிறு நோய்களும் மருந்துகளும்

இனி, அன்றாடச் சிறு நோய்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

தடிமன்: சீனர் தடிமனை இருவகையாகப் பிரிப்பர். உடல் நடுங்கி, மூக்கால் நீராக ஓடினால் அது குளிர்த் தடிமன். தொண்டை நொந்து, காய்ச்சலும் தாகமும் மிகுந்து, சளி மஞ்சளாக வந்தால் அது வெப்பத் தடிமன். முன்னதற்குச் சாங் சோங்சிங் கூறிய 'குய் சி' குடிநீர் இன்றும் வழங்குகின்றது. கறுவாக் குச்சி, இஞ்சி, அதிமதுரம், சீன இலந்தை, பியோனி வேர் என ஐந்து சரக்குகள் கொண்டது அது. குடித்தபின் சூடான அரிசிக் கஞ்சி அருந்தி, போர்த்துக்கொண்டு படுத்து, மெல்ல வியர்க்கச் செய்தல் வேண்டும் என்பது முறை. வேர்க்கொம்பும் மல்லியும் அவித்துக் குடித்து, வேது பிடித்துப் போர்த்துப் படுக்கும் எமது முறைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? பின்னதற்கோ குளிர்ச்சியான மருந்துகள். ஹனிசக்கிள் பூவும் ஃபோர்சித்தியாக் காயும் சேர்ந்த 'யின் சியாவ்' குளிசை அவ்வகையினது. சாதாரணத் தடிமனுக்குச் செவ்வந்திப்பூத் தேநீரும் அருந்துவர்.

இருமல்: லோக்குவாட் மர இலையோடு தேன் முதலியன சேர்த்துக் காய்ச்சிய கரிய பாகைச் சீனர் கரண்டியில் எடுத்து மெல்ல விழுங்குவர். எமது ஆடாதோடைக் குடிநீரும் பனங்கற்கண்டும் இதற்கு ஒப்பானவை. தேன் பிள்ளைகளின் இரவு இருமலைத் தணிக்கின்றது என்பதை மருத்துவ ஆய்வுகளும் ஒப்புக்கொண்டுள்ளன. ஆயினும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனோ தேன் கலந்த எந்த மருந்தோ கொடுத்தலாகாது. தேனிலே இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து அக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கவல்லது.

செமியாக்குணமும் வாந்தியும்: மண்டரின் தோடம்பழத் தோலை வெயிலில் உலர்த்திப் பல ஆண்டுகள் வைத்திருந்து சீனர் வயிற்று மந்தத்துக்குப் பயன்படுத்துவர். பழையது விலை கூடியது. உப்பிட்டு உலர்த்திய எமது நாரத்தங்காயை இங்கு நினைவுகூரலாம். வாந்திக்கும் குமட்டலுக்கும் இஞ்சியே இரு சாராருக்கும் முதல் மருந்து. இதன் பயனை இக்கால ஆய்வுகளும் ஓரளவு உறுதிப்படுத்தியுள்ளன. சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்ற எமது பழமொழி வெறும் எதுகை மோனைக்காக எழுந்ததன்று. சீனர் குமட்டலுக்கு மணிக்கட்டை அழுத்துவதும் உண்டு. உள்ளங்கைப் பக்கமாக, மணிக்கட்டின் மடிப்பிலிருந்து தன் விரல்கள் மூன்றின் அகலம் தள்ளி, இரண்டு நரம்புக் கயிறுகளுக்கு இடையே உள்ள இடம் அது. சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலை இது குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பேருந்திலே தலை சுற்றும் பிள்ளைகள் இதனைச் செய்து பார்ப்பதால் தீங்கொன்றும் இல்லை.

சுளுக்கும் தசைநோவும்: தைலம் பூசித் தேய்த்தல், சூடான கிண்ணங்களைத் தோலில் ஒட்டவைத்துக் குருதியை இழுத்தல், வழுவழுப்பான தகட்டால் முதுகைச் சுரண்டல் ஆகியன சீனர் முறைகள். கடைசியில் உள்ளதைக் 'குவா ஷா' என்பர். இவை தோலிலே சிவந்த அடையாளங்களைச் சில நாள்கள் விட்டுச்செல்லும். பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைக்கு இவற்றைச் செய்யாதிருத்தல் நன்று. அடையாளத்தைக் காணும் ஆசிரியர் பிள்ளை அடிக்கப்பட்டதாக எண்ணவும் இடமுண்டு.

பிள்ளைப்பேறு நோயன்று. எனினும் இங்கே குறிப்பிடாது விடமுடியவில்லை. பிள்ளை பெற்ற தாய் ஒரு மாதம் வீட்டினுள் இருந்து, குளிர்ந்த பொருள்களைத் தவிர்த்து, இஞ்சியும் கறுப்பு வினாகிரியும் சேர்ந்த உணவை உண்பது சீனர் வழக்கம். மிளகும் உள்ளியும் மஞ்சளும் அரைத்துச் சரக்குக்கறி கொடுக்கும் எமது தாய்மார் சீனத்தாயின் அடுக்களைக்குள் நுழைந்தால் வேற்றிடம் என்று கருதமாட்டார்கள்.

அறிவியலின் உரைகல்

பழைமையானது என்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. பழைமையானது என்பதனாலேயே பொய்யாகிவிடவும் மாட்டாது. உரைத்துப் பார்த்தல் வேண்டும். இதற்குச் சிறந்த சான்று தூ யூயூ என்னும் சீனப் பெண் விஞ்ஞானியின் பணியாகும். 1967 இல் சீன அரசு மலேரியாவுக்கு மருந்து தேடும் முயற்சியைத் தொடங்கியது. தூ யூயூ பழைய நூல்களைத் துருவி, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங் என்பாரின் குறிப்பொன்றைக் கண்டார். 'சிங்ஹாவ்' என்ற செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்குமாறு அக்குறிப்புக் கூறியது. அவித்துக் குடிக்குமாறு கூறவில்லை! கொதிக்க வைப்பதால் மருந்துச் சத்து அழிகின்றது போலும் என அவர் ஊகித்து, குறைந்த வெப்பத்திலே ஈதரைக் கொண்டு சத்தைப் பிரித்தார். 1972 இல் ஆர்ட்டிமிசினின் என்ற மருந்து தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அது பல இலட்சம் உயிர்களைக் காத்தது. 2015 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

வன்னியிலே வாழ்ந்தவர்களுக்கு மலேரியா என்றால் என்னவென்று நான் சொல்லவேண்டியதில்லை. இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016 இலாகும். தூ யூயூவின் வெற்றிக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அவர் தம் முன்னோரின் மொழியைப் படிக்கத் தெரிந்தவர். மற்றையது, படித்ததை அப்படியே நம்பாது சோதித்துப் பார்த்தவர். மாணவர்களே, இவ்விரண்டும் ஒருவரிடத்தே சேர்வது அரிது. சேரின் பயன் பெரிது.

ஊசி குத்தும் மருத்துவமாகிய அக்குபங்சரைப் பொறுத்தவரை, நாட்பட்ட முதுகுநோ, முழங்கால்நோ, தலையிடி ஆகியவற்றில் ஓரளவு நிவாரணம் தருவதாக ஆய்வுகள் உள்ளன. ஊசி செல்லும் 'சீ' ஓட்டப் பாதைகளை உடற்கூற்றியலார் எவரும் காணவில்லை. கிருமிநோய்களை அது மாற்றும் என்பதற்கும் சான்று இல்லை.

மருந்தும் நஞ்சும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. மூலிகைதானே, என்ன செய்யும் என்ற எண்ணமே மிகப் பெரிய நஞ்சாகும்.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜிய நாட்டிலே உடல் மெலிவதற்கென்று கொடுக்கப்பட்ட மாத்திரைகளால் நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகம் பழுதடைந்தது. ஆராய்ந்தபோது 'ஃபாங் சி' என்னும் வேருக்குப் பதிலாக 'குவாங் ஃபாங் சி' என்னும் வேர் கலந்திருந்தமை தெரியவந்தது. பெயரிலே ஒரு சொல் வேறுபாடு. விளைவிலோ உயிர் வேறுபாடு. பின்னதிலே அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு உண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும். சீனரை மட்டும் குறைகூற வேண்டாம். எமது நாட்டு வைத்தியத்தில் வழங்கும் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே தாவர இனத்தைச் சேர்ந்தவையே.

இன்னும் சில எச்சரிக்கைகள். அதிமதுரத்தைத் தொடர்ந்து உட்கொண்டால் இரத்த அழுத்தம் கூடும், உடலிலுள்ள பொட்டாசியம் குறையும். 'தொங் குவை', 'தான் ஷென்' என்னும் வேர்கள், இருதய நோயாளர் இரத்தம் உறையாதிருக்க எடுக்கும் வார்பரின் குளிசையோடு சேர்ந்தால் இரத்தக் கசிவை உண்டாக்கலாம். தைலங்களில் உள்ள கற்பூரம் சிறு குழந்தையின் வயிற்றுக்குள் சென்றால் வலிப்பை உண்டாக்கும். அதனைக் குழந்தையின் மூக்கருகே பூசுதலும் ஆகாது.

எமது மாணவி ஒருத்தி தன் அப்பம்மாவோடு சீனத்தெருக் கடையொன்றுக்கு முழங்கால் நோவுக்கு வேர் வாங்கச் சென்றிருக்கின்றாள். அப்பம்மாவின் தமிழைப் பிள்ளை பிரெஞ்சாக்க, கடைக்கார முதியவரின் பிரெஞ்சைப் பிள்ளை தமிழாக்க, உரையாடல் நடந்தது. அவர் கேட்டார்: "அம்மா வேறு என்ன மருந்து எடுக்கின்றார்?" பிள்ளை மொழிபெயர்த்தாள். அப்பம்மா, "வெள்ளைக் குளிசை ஒன்று, மஞ்சட் குளிசை ஒன்று" என்றார். பெயர் இருவருக்கும் தெரியாது. முதியவர் வேரைத் திரும்பச் சாடியிலே போட்டுவிட்டு, மருந்துக்கடையில் பட்டியல் வாங்கி வந்தால் தருகின்றேன் என்று கூறி அனுப்பிவிட்டார். அன்று அவர் விற்காது விட்டதே மருத்துவம்.

பெற்றோர் கவனத்திற்கு

ஒன்று: விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பர். வீட்டு மருந்துக்கும் இதுவே எல்லையாக இருக்கட்டும். மூன்று நாள்களில் குணம் தெரியாவிடின் மருத்துவரை நாடுங்கள். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் 38 பாகைக்கு ஏறினால் ஒரு நாளும் பொறுக்கலாகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மூச்செடுக்கச் சிரமப்படுதல், கழுத்து விறைத்தல், நெஞ்சுநோ, வலிப்பு, வாய் உலர்ந்து சிறுநீர் போகாதிருத்தல் ஆகியன எவ்வயதினருக்கும் சிறு நோய்கள் அல்ல.

இரண்டு: அவசரப் பிரிவிலே பல மணி நேரம் காத்திருக்க அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடுவோர் எம்மிடையே உளர். கியூபெக்கில் 811 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைத்துத் தாதி ஒருவரிடம் ஆலோசனை கேட்கலாம். மருந்தோ மூலிகையோ நஞ்சாயிற்று என ஐயுற்றால் கியூபெக் நச்சுத் தடுப்பு நிலையத்தின் 1 800 463-5060 என்ற இலக்கத்தை அழையுங்கள். இவ்விரண்டையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலே எழுதி ஒட்டிவையுங்கள்.

மூன்று: கனடாவில் விற்கப்படும் மூலிகைக் குளிசை, பாகு, தைலம் ஆகியவற்றுக்கு அரசின் அனுமதி வேண்டும் என்ற விதி 2004 முதல் நடைமுறையில் உள்ளது. அனுமதி பெற்றவற்றின் பெட்டியிலே என்.பி.என். என்ற எழுத்துகளும் எட்டு இலக்கங்களும் காணப்படும். அவை இல்லாத பொருளை வாங்காதீர்கள். ஊரிலிருந்து உறவினர் கொண்டுவரும் சூரணத்துக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். நிறுத்து விற்கப்படும் வேர் பட்டைகளில் பெரும்பாலும் இவ்வெண் இருப்பதில்லை. ஆதலால் அவற்றில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

நான்கு: கியூபெக்கிலே அக்குபங்சர் செய்வோர் 1995 இல் அமைக்கப்பட்ட தொழிற்கழகத்திற் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். இதற்கான கல்வி மொன்றியலின் ரோஸ்மோன் கல்லூரியிலே கற்பிக்கப்படுகின்றது. மூலிகை கொடுப்போருக்கு இம்மாகாணத்தில் அத்தகைய கழகம் இல்லை. சூரியப்படம் போட்ட மருத்துவ அட்டை அக்குபங்சருக்குப் பணம் கொடாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

ஐந்து: கியூபெக் மருந்தாளர் 2015 முதல் சில சிறு நோய்களுக்குத் தாமே மருந்து எழுதித் தரும் உரிமை பெற்றுள்ளனர். மேலும், நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல் அவர்களிடத்தே உண்டு. நாட்டு மருந்தோ சீன மருந்தோ எடுப்பதை அவர்களிடம் கூச்சமின்றிக் கூறுங்கள். வைத்தியர் ஏசுவார் என மறைப்பதால் வரும் தீங்கு, அவர் ஏசுவதிலும் பெரிது.

மாணவர்களுக்கு ஒரு சொல்

உங்கள் தாத்தா பாட்டியருக்கு இந்நகரிலே நாவாக இருப்பவர்கள் நீங்கள். மருந்துக்கடையிலும் மருத்துவமனையிலும் அவர்கள் சொல்வதை நீங்கள் விளங்கிக்கொண்டால்தான் பிறர் விளங்கிக்கொள்வர். 'நெஞ்சு கரிக்குது' என்பதும் 'நெஞ்சு இறுக்குது' என்பதும் ஒன்றல்ல. முன்னது பெரும்பாலும் வயிற்றுப் புளிப்பு. பின்னது இருதய நோயாக இருக்கலாம். 'தலை சுத்துது', 'தலை இடிக்குது', 'தலை பாரமாக் கிடக்குது' என்பன மூன்று வேறு செய்திகள். இச்சொற்களை அறியாத பிள்ளை இவை அனைத்தையும் 'தலை சுகமில்லை' என்று ஒரே சொல்லாகப் பெயர்த்துவிடும். தமிழ் படிப்பதால் என்ன பயன் என்று கேட்போருக்கு இதைவிட வேறு விடை வேண்டுவதில்லை.

ஆகவே, இவ்விடுமுறையிலே உங்களுக்கு ஒரு பயிற்சி தருகின்றேன். ஒரு தாளை எடுத்து இரண்டு பகுதியாகப் பிரியுங்கள். ஒரு பக்கத்தில் வீட்டிலுள்ள பெரியவர் உட்கொள்ளும் குளிசைகளின் பெயர், அளவு, எடுக்கும் நேரம் ஆகியவற்றைப் பெட்டியைப் பார்த்து எழுதுங்கள். மறுபக்கத்தில் அவர் அறிந்த வீட்டு மருந்துகளை அவர் சொல்லச் சொல்லத் தமிழிலே எழுதுங்கள். வேர்க்கொம்பு, ஓமம், அதிமதுரம், நற்சீரகம், தூதுவளை எனப் பட்டியல் நீளட்டும். முதற் பக்கத்தை அவருடைய கைப்பையில் வைத்து, மருந்துக்கடைக்கும் மருத்துவமனைக்கும் செல்லும்போது காட்டச் சொல்லுங்கள். மறுபக்கத்தை நீங்கள் பத்திரமாக வைத்திருங்கள். லீ ஷிஜென்னும் இவ்வாறே, வேடரிடமும் உழவரிடமும் கேட்டுக் கேட்டே தம் நூலை எழுதினார்.

சீனர் தம் மருந்தைக் காத்தமைக்கு அதன் பெயர்களைத் தம் எழுத்திலே எழுதி, சாடிகளில் ஒட்டி, தம் பிள்ளைகளுக்கு வாசிக்கப் பழக்கியமையும் ஒரு காரணமாகும். எமது சாடிகளிலும் பெயர்கள் தமிழில் எழுதப்படட்டும். எழுதியதைப் படிக்கவும், படித்ததை ஆராயவும் வல்லவர்களாக எம் பிள்ளைகள் வளர்வார்களாக. ஆண்டு விழாக் காணும் எமது பள்ளிக் குடும்பத்தினர் அனைவரும் நோயின்றி நீடு வாழ வாழ்த்துகின்றேன்.